மேடையைக் கடந்து போன ஆம்புலன்ஸ்

என் அக்காவுக்குச் சட்டமன்றத் தேர்தலில் நிற்க இடம் கிடைத்த செய்தி வந்தபோது அவள் பிரசவ அறையில் இருந்தாள். நான் கீழே மருந்துக்கடையில் இருந்தேன். ராஜபாளையத்தில் அவள் நடத்திவந்த சின்ன ஆஸ்பத்திரியில் மருந்துக்கடை என் பொறுப்பு. என் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலையில் பஸ் ஏறி வந்து இருட்டுவதற்குள் திரும்பிவிடுவேன். அன்று அத்தான் லட்டுப் பெட்டியோடு படியேறி ஓடினார். அவர் பின்னாலேயே கரைவேட்டி கட்டிய ஒரு கூட்டம். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நர்ஸ் வாசலில் குறுக்கே நின்று மறித்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அக்கா கையுறையைக் கழற்றியபடி வெளியே வந்து, "பொம்பளப் பிள்ளை. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காக" என்று அவர்களைப் பார்த்துச் சொன்னாள். வந்திருப்பவர்கள் குழந்தையின் உறவுக்காரர்கள் என்று நினைத்துவிட்டாள்.

அக்கா அரசியலில் இருந்தவள் இல்லை. அத்தான்தான் கல்யாணத்துக்கு முன்பிருந்தே கட்சியில் இருந்தார். பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடம் ஒன்றை நடத்திக்கொண்டே, யார் வந்தாலும் மேடை போடுவது, மாநாட்டுக்கு வேன் பிடிப்பது என்று வருஷக்கணக்கில் உழைத்தவர். ஒவ்வொரு தேர்தலிலும் தனக்கு இடம் கேட்பார். இந்தத் தடவை மேலிடத்தில் வேறு மாதிரி யோசித்திருக்கிறார்கள். பெண், டாக்டர், ஊரில் விரோதி என்று யாரும் இல்லை. உங்கள் வீட்டம்மா நிற்கட்டுமே என்றார்களாம். அதற்குப் பிறகு அவர்கள் கேட்ட ஒரே கேள்வி, எவ்வளவு செலவு செய்ய முடியும் என்பதுதான். பார்த்துக்கொள்கிறேன் என்று அத்தான் சொல்லிவிட்டு வந்தார். மலையடிவாரத்தில் அப்பா அக்காவுக்குச் சீராகக் கொடுத்திருந்த மாந்தோப்பு, காய் மரத்தில் தொங்கும்போதே, வாங்குகிறவர் சொன்ன விலைக்குப் போனது.

உனக்கு இதில் இஷ்டந்தானா என்று நான் அவளைத் தனியாகக் கேட்டேன்.

"அவிய எம்புட்டு வருஷமா ஆசப்பட்டாக" என்றாள். "அஞ்சு வருஷந்தானட்டி. நம்ம கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் பிரசவ வார்டு ஒண்ணு புதுசா கட்டி வாங்கிட்டம்னா எனக்கு அது போதும்."

அவள் அதை நம்பித்தான் சொன்னாள். நானும் நம்பினேன். என் ஓட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில் இருந்ததால் அவளுக்கு ஓட்டுப் போட முடியாதே என்று எனக்கு வருத்தம்கூட இருந்தது.

முதல் சில நாட்கள் நன்றாகத்தான் போயின. திறந்த ஜீப்பில் கைகூப்பி நின்றுகொண்டு அக்கா தெருத்தெருவாகப் போவாள். நானும் மதியத்துக்கு மேல் கடையைப் பூட்டிவிட்டு, கூட வரும் பெண்களோடு வேனில் போவேன். சித்திரை வெயிலில் தார் ரோடு காலைச் சுட்டது. எங்கே ஜீப் நின்றாலும் ஆரத்தித் தட்டோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்றாலும், தன் நெற்றியில் அவர்கள் வைத்த குங்குமத்தை அக்கா துடைக்கவில்லை. சிலர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து, இவன் உங்கள் கையில் பிறந்தவன் என்று ஜீப்புக்குள் நீட்டுவார்கள். மீசை அரும்பிய பையன்களைக்கூட அப்படி இழுத்து வந்தார்கள். அக்கா ஓட்டுக் கேட்பதை மறந்துவிட்டு, சுகர் எப்படி இருக்கிறது, மாத்திரையை நிறுத்திவிட்டாயா என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவாள். பக்கத்தில் நிற்கிற ஒன்றியச் செயலாளர் தவித்துப்போவார்.

எதிர்த்து நின்றவர் ஏற்கெனவே அந்தத் தொகுதியில் ஜெயித்தவர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். அவருடைய பேத்தியும் அக்காவின் ஆஸ்பத்திரியில்தான் பிறந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் சர்ச்சுக்கே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். நடுவழிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அக்கா. பாஸ்டர் யார் பெயரும் சொல்லாமல் இருவருக்கும் பொதுவாக ஜெபம் செய்து முடிப்பதற்குள் வேர்த்துவிட்டார். வெளியே வந்ததும் அவர் அக்காவிடம், யார் ஜெயித்தாலும் நம் பழக்கம் மாறக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அந்த வாரத்திலிருந்து இரண்டு பக்கமும் செலவு ஏறியது. அவர்கள் ஒரு தெருவில் பந்தல் போட்டால் அடுத்த தெருவில் எங்கள் ஆட்கள் பிரியாணி போட்டார்கள். சரிசமமான போட்டி என்று டிவியில் சொல்லச் சொல்ல அத்தான் தூக்கத்தை விட்டார்.

ஆஸ்பத்திரியை ஒரு சின்ன டாக்டர் பார்த்துக்கொண்டாள். படிப்பு முடித்துக் கொஞ்ச காலந்தான் ஆகியிருந்தது. கெட்டிக்காரப் பெண்தான். ஆனால் வருகிறவர்கள் அக்காவைத்தான் கேட்டார்கள். நாற்காலிகளில் மணிக்கணக்காக உட்கார்ந்துவிட்டு, இன்றைக்கும் வரமாட்டார்கள் என்று தெரிந்ததும் எழுந்து போவதை நான் கடைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்படி எழுந்து போனவர்களில் சோழபுரத்துப் பெண் ஒருத்தி. கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளையில்லாமல் இருந்து, அக்காவிடம் தொடர்ந்து வைத்தியம் பார்த்துக் கர்ப்பமானவள். எட்டாம் மாதம். புருஷன் திருப்பூரில் வேலை பார்த்தான். மாமியாரோடு வருவாள். அன்று வந்தபோது கால் வீங்கிச் செருப்பு நுழையாமல், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். சின்ன டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு, உடனே ஆஸ்பத்திரியில் சேர்ந்து படுத்துக்கொள்ளச் சொன்னாள். பெரிய டாக்டரம்மா எப்போது வருவார்கள் என்று மாமியார் கேட்டாள். தலைவர் வருகிற கூட்டம் இருக்கிறது, அது முடிந்த பிறகுதான் என்று யாரோ சொன்னார்கள். அப்படியானால் அவர்கள் வந்த பிறகு படுக்கிறோம் என்று இருவரும் கிளம்பிவிட்டார்கள். சின்ன டாக்டர் சொல்லிப் பார்த்தாள். நானும் கவுண்டரிலிருந்து எழுந்து போய்ச் சொன்னேன். அவர்களுக்கு அக்கா மேல்தான் நம்பிக்கை. மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

சின்ன டாக்டர் அக்காவைக் கூப்பிட்டாள். அக்காவின் போன் அந்த நாட்களில் அவளிடம் இல்லை. ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து வருகிற ஒரு கட்சிக்காரரிடம் இருந்தது. சொல்லிவிடுகிறேன் என்று அவர் சொன்னார். சொல்லவில்லை. அவருக்கு அது அன்று வந்த நூறு அழைப்புகளில் ஒன்று.

தலைவர் வந்த அன்று மத்தியானத்திலிருந்தே ஊருக்குள் பஸ்களும் வேன்களுமாக வந்து இறங்கின. சாயங்காலம் அந்தப் பெண்ணை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். தலை பிளக்கிறது, கண் மங்குகிறது என்றாள். உள்ளே கொண்டுபோவதற்குள் வலிப்பு வந்துவிட்டது. சின்ன டாக்டர் ஊசி போட்டு வலிப்பை அடக்கினாள். இங்கே வைத்திருக்க முடியாது, மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றாள். அக்காவின் போன், அத்தானின் போன் இரண்டுக்கும் மாறி மாறி அடித்தேன். ஒருதரம் யாரோ எடுத்தார்கள். செண்டை மேளச் சத்தத்தில் நான் பேசியது எதுவும் அந்தப் பக்கம் கேட்கவில்லை. கட்டாகிவிட்டது. மாமியார், தான் மதுரைக்குப் போனதே இல்லை, நீயும் வா என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். புருஷன் அப்போதுதான் திருப்பூரில் பஸ் ஏறியிருந்தான். நானும் ஆம்புலன்ஸில் ஏறினேன்.

எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து மதுரைக்குப் போக ஊருக்குள் நுழைந்துதான் போக வேண்டும். கூட்டம் நடந்த மைதானம் ரோட்டை ஒட்டி. மைதானம் கொள்ளாமல் ஆட்கள் ரோட்டை அடைத்து நின்றார்கள். டிரைவர் ஒரு சந்து வழியாகப் போகப் பார்த்தார். அங்கே கூட்டத்துக்கு ஆள் ஏற்றி வந்த பஸ்கள் வரிசையாக நின்றன. பின்னால் எடுத்துத் திரும்ப மெயின் ரோட்டுக்கே வந்தோம். சைரன் அலறிக்கொண்டே இருந்தது. வண்டி அசையவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஆக்ஸிஜன் வைத்திருந்தார்கள். பாதி மயக்கம். மாமியார் அவள் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஒலிபெருக்கியில் தலைவர் பேசுவது வண்டிக்குள் தெளிவாகக் கேட்டது. திடீரென்று பேச்சு நின்றது.

"ஆம்புலன்ஸுக்கு வழி விடுங்கள். தொண்டர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி நில்லுங்கள். என் பேச்சைவிட ஓர் உயிர் பெரிது" என்றார்.

கூட்டம் பிளந்தது. அதையும் சொல்ல வேண்டும். பையன்கள் கை கோத்து நின்று வழி செய்து கொடுத்தார்கள். வண்டி மெல்ல நகர்ந்தது. கைதட்டல் எழுந்தது. மழை தகரத்தில் விழுகிற மாதிரி வண்டியைச் சுற்றி அந்தச் சத்தம். ஜன்னல் கண்ணாடியில் பெயிண்ட் அடிக்காத மேல் பாதி வழியாக எனக்கு மேடை தெரிந்தது. தலைவருக்கு இரண்டு ஆள் தள்ளி அக்கா, பட்டுப்புடவையில், கழுத்தில் துண்டோடு நின்றாள். எல்லாரும் ஆம்புலன்ஸைப் பார்த்துக் கைதட்டினார்கள். அவள் மட்டும் தட்டவில்லை. உள்ளே இருப்பது யாரோ, அவருக்காக வேண்டிக்கொள்வதுபோல் கைகூப்பி நின்றாள். மாமியாரும் எட்டிப் பார்த்தாள். "நம்ம டாக்டரம்மா" என்றாள். மறுபடி குனிந்து பாதத்தைத் தேய்த்தாள்.

மதுரையில் உடனே ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டிருந்தது. ஆண் குழந்தை. தாய்க்கு நினைவு திரும்ப இன்னும் இரண்டு நாள் ஆனது. நரைத்த தலையோடு ஒரு பெண் டாக்டர் என்னிடம் வந்து, முதல் தடவை பிரஷர் ஏறியபோதே சேர்த்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார். பிறகு, அப்படியும் உறுதியாகச் சொல்ல முடியாது, சில கேஸ் எல்லாம் செய்தும் கைவிட்டுப் போகும் என்றார். இந்த இரண்டில் எதை ஊருக்குக் கொண்டுபோவது என்று எனக்குத் தெரியவில்லை.

வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது என் போனுக்கே அந்த வீடியோ வந்தது. பேச்சை நிறுத்தி ஆம்புலன்ஸுக்கு வழிவிட்ட தலைவர் என்று எழுதி, பின்னணியில் இசையும் சேர்த்திருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருக்காரர்கள் உட்பட நாலைந்து பேர் அனுப்பியிருந்தார்கள். உன் அக்கா எவ்வளவு உருக்கமாக நிற்கிறாள் பார் என்று ஒருத்தி எழுதியிருந்தாள்.

அந்தப் பெண்ணின் புருஷன் வந்து சேர்ந்த பிறகு நான் ஊர் திரும்பினேன். அத்தான் என்னை அக்கா வீட்டு வாசலிலேயே நிறுத்தினார். விஷயம் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஓட்டுப்பதிவு முடிகிறவரை அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்றார். அதட்டிச் சொல்லவில்லை, கெஞ்சினார். அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நான் அவரைத் தாண்டி உள்ளே போனேன். அக்கா கண்ணாடிக்கு முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஆம்புலன்ஸில் இருந்தது யார் என்றும் சொன்னேன்.

சீப்பைக் கீழே வைத்துவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். பிரஷர் எவ்வளவு இருந்தது, என்ன ஊசி போட்டார்கள் என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். சின்ன டாக்டர் செய்தது சரிதான் என்றாள். வெளியே ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அத்தான் கதவைத் தட்டித் திறந்தார்.

"இன்னைக்கு என்னால முடியாது" என்றாள் அக்கா.

"தோப்பு போயிருச்சு. தறிக்கூடம் அடமானத்துல கெடக்கு. அம்புட்டுப் பேரும் ஒன்னய நம்பி எறங்கியிருக்காக" என்றார் அத்தான். "இப்ப ஒக்காந்தா எந்திரிக்கவே முடியாது."

அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு போய் ஜீப்பில் ஏறினாள். அன்று முழுக்கக் கைகூப்பியபடிதான் நின்றாள். எந்தக் குழந்தையையும் வாங்கவில்லை. வெயிலில் களைத்துவிட்டதாகக் கூட வந்தவர்கள் நினைத்தார்கள்.

பிரசாரம் ஓய்ந்த மறுநாள் அவள் யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். அத்தனை நாளுக்குப் பிறகு வெள்ளைக்கோட்டு போட்டுக்கொண்டு, இருக்கிற நோயாளிகளை ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஒரு பிரசவமும் பார்த்தாள். அந்தப் பிள்ளையைப் பெற்றவளின் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் தெருவில் இரண்டு கட்சிக்காரர்களும் ஓட்டுக்குப் பணக் கவர் கொடுத்தார்கள், ஆனால் எங்கள் ஓட்டு உங்களுக்குத்தான் என்றாள். சந்தோஷப்படுத்துவதாக நினைத்துத்தான் சொன்னாள். அக்கா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். நம் ஆட்களும் கவர் கொடுத்தது உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். ஊருக்கே தெரியுமே அக்கா என்றேன். அன்று அவள் வீட்டுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரி அறையிலேயே படுத்துக்கொண்டாள்.

ஓட்டுப்பதிவு முடிந்து வாரக்கணக்கில் காத்திருந்த பிறகு விருதுநகரில் எண்ணினார்கள். ஒரு சுற்றில் எதிர்த்து நின்றவர் முன்னால், அடுத்த சுற்றில் அக்கா முன்னால். தபால் ஓட்டுகளை மறுபடி எண்ணச் சொல்லி இரு பக்கமும் வாதாடினார்கள். பொழுது சாயும் நேரத்தில் சில நூறு ஓட்டில் அக்கா ஜெயித்ததாக அறிவித்தார்கள். சிவகாசி வெடி ரோடு முழுக்கச் சிதறியது. அத்தான் குலுங்கி அழுதார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை. அக்கா சான்றிதழை வாங்கிக்கொண்டு காருக்குள் வந்து உட்கார்ந்தாள். கவர் கொடுத்த தெருக்களில் எத்தனை சில நூறு இருக்கும் என்று அவள் யோசிப்பது எனக்குப் புரிந்தது.

சென்னைக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு மத்தியானம், வாழ்த்த வந்தவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அக்கா பின்வாசல் வழியாக வந்து என்னைக் கூப்பிட்டாள். இருவரும் ஆட்டோவில் சோழபுரம் போனோம். ஓடு வேய்ந்த வீடு. மாமியார் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். எங்கள் வீட்டு ஓட்டெல்லாம் உங்களுக்குத்தான் போட்டோம் என்றாள். அந்தப் பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கப் பார்த்தவளை அக்கா தடுத்துவிட்டு, நாற்காலியை விட்டுவிட்டு அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். பிறகு அந்தப் பெண்தான் ஆரம்பித்தாள்.

"ஒங்க ஆளுக வந்தாக. ஆஸ்பத்திரிச் செலவப் பாத்துக்கிடுதோம், டிவிக்காரன் வந்தா ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னாக. யாரும் வரல டாக்டரம்மா" என்றாள். பிறகு, "நீங்க இருந்திருந்தா எம்புள்ள பொழச்சிருக்குமா?" என்று கேட்டாள்.

மாமியார் அவளை அதட்டப் போனாள். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். மதுரை டாக்டர் சொன்ன இரண்டாவது வாக்கியத்தை அவள் சொல்லிவிடலாம் என்று நான் நினைத்தேன். அதுவும் பொய் இல்லை.

"மொதல்ல நீ வந்தப்ப நான் இருந்திருந்தா ஒன்னய வீட்டுக்கு விட்டிருக்க மாட்டேன்" என்றாள் அக்கா. "பொழச்சிருக்கும்னுதான் நெனைக்கேன்."

அந்தப் பெண் தலையாட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்களாச்சும் சொன்னீகளே. நான் பத்தியமா இருக்கலன்னு சொல்லுதாக. என் ராசிதான்னு சொல்லுதாக" என்றாள்.

மாமியார் தரையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு அடுப்படிக்குள் போனவள் நாங்கள் கிளம்புகிறவரை வெளியே வரவில்லை. அக்கா அந்தப் பெண்ணுக்குப் பிரஷர் பார்த்தாள், கால் வீக்கம் பார்த்தாள், என்ன சாப்பிட வேண்டும் என்று சொன்னாள். இனிமேல் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் மாதத்திலேயே இதையெல்லாம் சொல்லிவிடு என்றாள். தன்னிடம் வா என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் அத்தனை பேர் இருக்கும்போதே அத்தானிடம், சோழபுரத்துக்கு யாரை அனுப்பினீர்கள் என்று கேட்டாள். அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர்கள் பேசிக்கொள்வதெல்லாம் கார் எத்தனை மணிக்கு, சாப்பாடு வேண்டுமா என்கிற அளவில்தான். இருவரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. சண்டை போட்டிருந்தால் ஒருவேளை சரியாகியிருக்கும்.

ஆஸ்பத்திரியை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமாவது நடத்தப் பார்த்தாள். மனு கொடுக்க வருகிறவர்கள் நாற்காலிகளை எல்லாம் பிடித்துக்கொண்டார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரிகள் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்கள். கடைசியில் ஒரு டாக்டர் தம்பதிக்கு விட்டுவிட்டாள். சின்ன டாக்டர் கோயம்புத்தூர் போய்விட்டாள். நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே பெரியகுளம் கண்மாய்ப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ராஜபாளையம் அரசு ஆஸ்பத்திரிக்கு அவள் கேட்ட பிரசவ வார்டு வந்துவிட்டது. அலைந்து அலைந்து வாங்கினாள். திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டும்போது அவள் சிரித்த படம் பேப்பரில் வந்தது. நல்ல கட்டடம். தினமும் அங்கே பிள்ளைகள் பிறக்கின்றன. ஜெயிக்காமல் இருந்திருந்தால் அது வந்திருக்காது என்று அத்தான் என்னிடம் சொன்னார்.

போன மாசம் அந்த மாமியார் என் கடைக்கு வந்தாள். கையில் ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரிச் சீட்டு. மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, கடைசி ஒரு மாதம் முழுக்க அங்கேயே படுக்க வைத்துப் பார்த்தார்கள் என்றாள். நான் மருந்து எடுத்துக் கொடுத்தேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அக்கா என் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தாள். சொன்னேன். கையைச் சோற்றில் வைத்தபடி, எந்த டாக்டர் பார்த்தது என்று கேட்டாள். சொன்னேன்.

"அந்தம்மா நல்லாப் பாப்பாக" என்றாள்.

வாசலில் அவளுக்காகக் கட்சிக்காரர்கள் வந்து நின்றார்கள். அடுத்த தேர்தலுக்கு விளம்பரம் எழுதச் சுவர் பிடிக்க வேண்டும், நீங்கள் மறுபடி நிற்பது பற்றி ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றார்கள். சாப்பிட்டுவிட்டு வருகிறேன், இருங்கள் என்று சொல்லிவிட்டு, அவள் என்னிடம் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னாள்.